இரண்டு ஸ்டிக், இரண்டு டிராக்: ரிமோட் டேங்க் கேள்வி – பதில்

ரிமோட் டேங்க் மாடல்களில் ஸ்டிக் அமைப்பை மாற்றுவது பற்றி வந்த கடிதங்களை இந்த மாதம் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால், விவரம் முழுமையாக இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (வாசகர், கோவை): என்னிடம் ஹெங் லாங் நிறுவனத்தின் 1/16 அளவு ஷெர்மன் டேங்க் இருக்கிறது. பெட்டியோடு வந்த ரிமோட்டில் ஓட்டுவது முழுக்க ஒரே ஸ்டிக்கில்தான். நிஜ டேங்கின் நெம்புகோல்கள் மாதிரி, இடது ஸ்டிக் இடது டிராக்கையும் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) வலது ஸ்டிக் வலது டிராக்கையும் இயக்க வேண்டும். ஃப்ளைஸ்கை எஃப்.எஸ்.-ஐ6 டிரான்ஸ்மிட்டரும் ஐஏ6பி ரிசீவரும் வாங்கிவிட்டேன். அடுத்து என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஸ்டிக்கில் ஓட்டும்போது ‘முன்னே போ’, ‘வலப்பக்கம் திரும்பு’ என்ற இரண்டு கட்டளைகளையும் கலந்து, இடது டிராக்குக்கு எவ்வளவு, வலது டிராக்குக்கு எவ்வளவு என்று யாரோ கணக்குப் போட வேண்டும். இதற்குத்தான் மிக்ஸிங் என்று பெயர். உங்கள் டேங்கில் அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் ஹெங் லாங் போர்டு. நீங்கள் கேட்கும் இரட்டை ஸ்டிக் முறையில் மிக்ஸிங்கே வேண்டாம். கலக்கும் வேலையை உங்கள் இரண்டு கட்டைவிரல்களும் பார்த்துக்கொள்ளும். அதனால் பழைய போர்டை ஓட்டும் வேலையிலிருந்து விலக்கிவிட்டு, இரண்டு மோட்டாருக்கும் தனித்தனி ஸ்பீடு கன்ட்ரோலர் வைப்பதுதான் நேர்வழி. போர்டு போனால் அதிலிருந்து வந்த என்ஜின் சத்தம், புகை, குண்டு சுடும் வேலை எல்லாம் கூடவே போய்விடும். அவற்றை இழக்க வேண்டாம் என்றால் அடுத்த பதிலில் இன்னொரு வழி இருக்கிறது.

ஸ்பீடு கன்ட்ரோலர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கார்களுக்கான கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் ‘முன்னே – பிரேக் – பின்னே’ என்ற ஒழுங்கு இருக்கும். ஸ்டிக்கை முதல்முறை பின்னுக்கு இழுத்தால் பிரேக் மட்டும் பிடிக்கும். நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி இழுத்தால்தான் பின்னே ஓடும். டேங்கில் இது ஒத்துவராது. நின்ற இடத்திலேயே சுழல ஒரு டிராக் முன்னேயும் மற்றது உடனே பின்னேயும் ஓட வேண்டும். பிரேக் இல்லாமல் ‘முன்னே – பின்னே’ மட்டும் தேர்ந்தெடுக்கக்கூடிய கன்ட்ரோலர்தான் வேண்டும். ஹாபிவிங் குவிக்ரன் 1060-ல் இதற்குச் சின்ன ஜம்பர் இருக்கிறது. பேட்டரி வகைக்கும் ஒரு ஜம்பர் உண்டு. இரண்டையும் சரியாகப் போடுங்கள். 60 ஆம்ப் என்பது 380 வகை மோட்டாருக்கு மிக அதிகம். உள்ளே இடம் குறைவாக இருந்தால், அதே வசதியுள்ள 20 முதல் 30 ஆம்ப் வரையிலான சிறிய பிரஷ்டு கன்ட்ரோலர் போதும்.

இணைப்பு இப்படி. மோட் என்பது எந்த ஸ்டிக் அசைவு எந்தச் சேனலுக்கு, அதாவது ரிசீவரின் எந்த வெளியீட்டுக்கு, போகிறது என்ற அமைப்பு. எஃப்.எஸ்.-ஐ6 மோட் 2-ல் இருந்தால் இடது ஸ்டிக்கின் மேல்-கீழ் அசைவு சேனல் 3, வலது ஸ்டிக்கின் மேல்-கீழ் அசைவு சேனல் 2. ஆகவே இடது மோட்டாரின் கன்ட்ரோலர் ரிசீவரில் சேனல் 3-க்கும், வலது மோட்டாருடையது சேனல் 2-க்கும் போக வேண்டும். பேட்டரியிலிருந்து இரண்டு கன்ட்ரோலருக்கும் ஒரு ‘ஒய்’ வயர். இரண்டு கன்ட்ரோலரும் ரிசீவருக்கு 5 வோல்ட் அல்லது 6 வோல்ட் மின்சாரம் கொடுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கொடுத்தால் ஒன்றோடொன்று மோதும். ஒரு கன்ட்ரோலரின் மூன்று வயர் பிளக்கில் நடுவில் இருக்கும் சிவப்பு வயரை, ஊசியால் பிளாஸ்டிக் நாக்கைத் தூக்கி வெளியே இழுத்து, டேப் சுற்றி மடித்துவிடுங்கள். வெட்ட வேண்டியதில்லை.

டிரான்ஸ்மிட்டரில் ஓ.கே. பட்டனை அழுத்திப் பிடித்து மெனுவுக்குள் போய், எலிவான், வி-டெயில் (இரண்டும் விமானங்களுக்கான மிக்ஸிங்), மிக்ஸ் மூன்றும் ஆஃப் ஆக இருக்கின்றனவா என்று பாருங்கள். எதை மாற்றினாலும் கேன்சல் பட்டனை நீளமாக அழுத்தினால்தான் சேமிக்கப்படும். சும்மா தட்டிவிட்டு வெளியே வந்தால் மாற்றம் போய்விடும். ‘மாற்றினேன், ஆனால் மாறவே இல்லை’ என்று எழுதுபவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

முதல் சோதனையின்போது டேங்கைத் தரையில் விடாதீர்கள். இரண்டு மரக்கட்டைகளின் மேல் உடலை ஏற்றி, டிராக்குகள் காற்றில் சுழலும்படி வையுங்கள். இடது ஸ்டிக்கை மெல்ல முன்னுக்குத் தள்ளுங்கள். இடது டிராக் பின்னே ஓடினால் ‘ரிவர்ஸ்’ மெனுவில் சேனல் 3-ஐத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் மோட்டாரின் இரண்டு வயரையும் மாற்றிப் போடுங்கள். இடது, வலது கியர்பாக்ஸ்கள் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக அமைந்தவை என்பதால், ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக ஓடுவது சாதாரணம்.

கடைசியாக ஓட்டும் பழக்கம். இந்த முறையில் இரண்டு ஸ்டிக்கையும் பாதி அளவில் சமமாகப் பிடிப்பது யாருக்குமே முதலில் கைவராது. டேங்க் பாம்பு மாதிரி நெளிந்து போகும். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு: ‘எண்ட் பாயின்ட்ஸ்’ மெனுவில் சேனல் 2, 3 இரண்டையும் இரு திசைகளிலும் 60% ஆகக் குறையுங்கள். இப்போது ஸ்டிக்கை முட்டும்வரை தள்ளினாலும் வேகம் மிதமாகவே இருக்கும். இரண்டும் முட்டி நிற்பதால் இரு பக்கமும் சமமாக ஓடும், கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். கை பழகியபின் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

நேராகப் போகும்போதும் ஒரு பக்கம் இழுத்தால் உடனே எண்ணை மாற்றாதீர்கள். முதலில் இரு டிராக்குகளின் தொய்வும் ஒன்றாக இருக்கிறதா, ஒரு கியர்பாக்ஸ் மட்டும் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதெல்லாம் சரியென்றால் வேகமாக ஓடும் பக்கத்தின் எண்ட் பாயின்ட்டை 2, 3 புள்ளிகளாகக் குறைத்து, 3 மீட்டர் நேர்க்கோட்டில் ஓட்டிப் பாருங்கள். முன்னே போவதற்கும் பின்னே வருவதற்கும் தனித்தனி எண் இருப்பதால் இரண்டையும் தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

டரெட்டை (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி) சேனல் 4-லும் பீரங்கிக் குழாயின் ஏற்ற இறக்கத்தைச் சேனல் 1-லும், அதாவது இரு ஸ்டிக்குகளின் பக்கவாட்டு அசைவில், வைக்கலாம். ஆனால் ஓட்டும்போது விரல் கொஞ்சம் சாய்ந்தாலும் டரெட் நடுங்கும். ‘எக்ஸ்போ’ மெனுவில் இந்த இரு சேனல்களுக்கும் வளைவைக் கூட்டுங்கள். திரையில் தெரியும் கோடு நடுப்பகுதியில் படுக்கையாக ஆனால் சரியான திசையில் மாற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். டரெட்டைத் திருகு குமிழுக்கு மட்டும் மாற்றாதீர்கள். குமிழ் தானாக நடுவுக்குத் திரும்பாது, டரெட் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கேள்வி (வாசகர், திருச்சி): சத்தம், புகை எல்லாம் வேண்டும் என்பதால் சாதாரண ரேடியோவோடு (டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் ஜோடி) வேலை செய்யும் தனி டேங்க் போர்டு ஒன்றைப் போட்டேன். டிரான்ஸ்மிட்டரில் எலிவான் மிக்ஸிங்கும் ஆன் செய்தேன். இப்போது ஸ்டிக்கை முன்னே தள்ளினால் இடது டிராக் மட்டும் ஓடுகிறது. பக்கவாட்டில் தள்ளினால் வலது டிராக் மட்டும் ஓடுகிறது. போர்டு பழுதா?

பதில்: போர்டில் பழுதில்லை. நீங்கள் சொன்ன அறிகுறியே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது: மிக்ஸிங் இரண்டு இடத்தில் நடக்கிறது.

கிளார்க், எல்மோட் போன்ற டேங்க் போர்டுகள் ஒரு சேனலை வேகம் என்றும் இன்னொன்றைத் திருப்பம் என்றும் எடுத்துக்கொண்டு, உள்ளேயே கலக்கின்றன. இடது டிராக் = வேகம் + திருப்பம். வலது டிராக் = வேகம் – திருப்பம். நீங்கள் எலிவானை ஆன் செய்ததால் டிரான்ஸ்மிட்டரே முன்கூட்டி இந்தக் கூட்டலையும் கழித்தலையும் செய்து அனுப்புகிறது. போர்டு அவற்றை மறுபடி கூட்டும்போது திருப்பம் அடிபட்டு இடது டிராக்குக்கு வேகம் மட்டும் மிஞ்சுகிறது. மறுபடி கழிக்கும்போது வேகம் அடிபட்டு வலது டிராக்குக்குத் திருப்பம் மட்டும் மிஞ்சுகிறது. தாளில் ஒருமுறை எழுதிப் பாருங்கள், நீங்கள் கண்டது அப்படியே வரும்.

எலிவானை ஆஃப் செய்தால் ஒற்றை ஸ்டிக் ஓட்டம் உடனே சரியாகிவிடும். மிக்ஸிங் எங்கே நடந்தாலும் ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும்.

இதே போர்டை வைத்துக்கொண்டு இரட்டை ஸ்டிக் வேண்டும் என்றால், போர்டு செய்யப்போகும் கலவையை முன்கூட்டியே தலைகீழாகச் செய்து அனுப்ப வேண்டும். வேகச் சேனலுக்கு இடது ஸ்டிக் 50%, வலது ஸ்டிக் 50%. திருப்பச் சேனலுக்கு இடது ஸ்டிக் 50%, வலது ஸ்டிக் –50%. இடது ஸ்டிக்கை மட்டும் முழுதாகத் தள்ளினால் வேகம் 50, திருப்பம் 50 என்று போகும். போர்டு கூட்டினால் இடது டிராக்குக்கு 100, கழித்தால் வலது டிராக்குக்கு 0. இரண்டையும் தள்ளினால் வேகம் 100, திருப்பம் 0, நேராக ஓடும். ஒன்றை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் தள்ளினால் வேகம் 0, திருப்பம் 100. நின்ற இடத்தில் சுழலும். சத்தம், புகை எதையும் இழக்காமல் நெம்புகோல் ஓட்டம் கிடைக்கிறது.

இந்த நான்கு எண்களையும் விருப்பப்படி போட எட்ஜ் டி.எக்ஸ். மென்பொருள் உள்ள டிரான்ஸ்மிட்டர் சுலபம். எஃப்.எஸ்.-ஐ6 போன்ற எளிய ரேடியோவில் சேனலின் சொந்தப் பங்கை 50% ஆக்குவது சிரமம். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி (வாசகர், சென்னை): என் எஃப்.எஸ்.-ஐ6-ல் இடது ஸ்டிக் மேல்-கீழ் அசைவில் விட்ட இடத்திலேயே நிற்கிறது. டேங்குக்கு அது தானாக நடுவுக்கு வர வேண்டும். பேனா ஸ்பிரிங் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை.

பதில்: பேனா ஸ்பிரிங் அமுக்கினால் தள்ளும் வகை. ஸ்டிக்குக்கு வேண்டியது இரு முனையிலும் கொக்கி உள்ள, இழுத்து விட்டால் மறுபடி சுருங்கும் வகை. அதனால்தான் சரிவரவில்லை.

இந்த ரேடியோ விமானம் ஓட்டுவதற்காக அமைந்தது. விமானத்தின் த்ராட்டில் விட்ட இடத்தில் நிற்க வேண்டும் என்பதால் அந்த ஒரு அச்சில் மட்டும் ஸ்பிரிங் இல்லை. அதற்குப் பதில் ஒரு உலோகத் தகடு பல் வைத்த பிளாஸ்டிக் மீது அழுத்திக்கொண்டிருக்கும். ஸ்டிக்கை அசைக்கும்போது கேட்கும் ‘டக்டக்’ சத்தம் அதுதான். மற்ற மூன்று அச்சுகளிலும் ஒரு சிறு பிளாஸ்டிக் கையும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். உங்களுக்குத் தேவை நான்காவது கை, நான்காவது ஸ்பிரிங். பெட்டியில் உதிரியாக வராது. அதே மாடலின் பழுதான ரேடியோ ஒன்றிலிருந்து எடுப்பது நல்லது. ரிச்சி தெருவில் பழைய ரிமோட் வாங்கி விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கை கிடைத்து ஸ்பிரிங் கிடைக்காவிட்டால், மற்ற அச்சில் இருப்பதை மாதிரியாகக் காட்டி அதே நீளம், அதே கம்பித் தடிப்பில் வாங்குங்கள். கடினமான ஸ்பிரிங் போட்டால் அரைமணி நேரத்தில் கட்டைவிரல் வலிக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் நான்கு பேட்டரிகளையும் எடுத்துவிடுங்கள். பின்மூடித் திருகுகளைக் கழற்றியபின் மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இரு பாதிகளையும் இணைக்கும் வயர்கள் உண்டு. புத்தகம் திறப்பது போலப் பக்கவாட்டில் திறந்து வையுங்கள். பக்கத்து அச்சில் கையும் ஸ்பிரிங்கும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பல் தகட்டின் திருகுகளைக் கழற்றித் தகட்டை எடுத்துவிடுங்கள். தகட்டை விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் சேர்த்தால் ஸ்டிக் நடுவுக்குச் சற்று முன்னாலேயே சிக்கி நிற்கும்; டேங்க் தானாக ஊர்ந்து போகும். கையை அதன் குழியில் பொருத்தி, ஸ்பிரிங்கின் கீழ்க் கொக்கியை மாட்டுங்கள். மேல் கொக்கியை இடுக்கியால் பிடித்தால் பாதிநேரம் தெறித்து ஓடும். ஒரு தையல் நூலை அந்தக் கொக்கி வளையத்தில் கோத்து, நூலின் இரு முனையையும் சேர்த்து இழுத்து மாட்டிவிட்டு, நூலை உருவிவிடுங்கள்.

மூடியதும் ‘டிஸ்ப்ளே’ திரையில் சேனல் 3 எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நடுவிலிருந்து ஓரிரு புள்ளி விலகியிருந்தால் ‘சப்ட்ரிம்’ மெனுவில் 0-க்குக் கொண்டுவாருங்கள். ஸ்பீடு கன்ட்ரோலருக்கு நடு என்பது 1500 மைக்ரோ நொடி சிக்னல். அது விலகினால் சில கன்ட்ரோலர்கள் விழிக்கவே மாட்டா, சில மோட்டாரை முனகவைத்துக்கொண்டே இருக்கும்.

இந்த மாற்றத்துக்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் தேவைப்படும். எஃப்.எஸ்.-ஐ6 ஆன் ஆகும்போது எல்லா ஸ்விட்சும் மேலேயும் த்ராட்டில் கீழேயும் இருந்தால்தான் உள்ளே விடும். இப்போது த்ராட்டில் நடுவில் நிற்பதால் எச்சரிக்கை காட்டும். இடது ஸ்டிக்கைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆன் செய்து, விட்டுவிட்டு, அது நடுவுக்கு வந்தபிறகே டேங்கின் பேட்டரியை இணையுங்கள். வரிசை மாறினால் இடது டிராக் பின்னுக்கு ஓடக்கூடும்.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): மெனுவில் மோட் 2-ஐ மோட் 1 ஆக மாற்றினேன். ஸ்பிரிங் இல்லாத ஸ்டிக் இன்னும் இடப்பக்கமே இருக்கிறது. ஏன்?

பதில்: மெனு மாற்றுவது எந்த அசைவு எந்தச் சேனலுக்குப் போகிறது என்பதை மட்டும். ஸ்பிரிங் இருந்த இடத்திலேயே இருக்கும். மோட் 2-ல் த்ராட்டில் இடது மேல்-கீழ். மோட் 1-ல் அது வலது மேல்-கீழ், எலிவேட்டர் இடப்பக்கம் வந்துவிடும். டேங்குக்கு நான்கு அச்சும் நடுவுக்கு வந்தாக வேண்டும் என்பதால், மேலே சென்னை வாசகருக்குச் சொன்னபடி நான்காவது ஸ்பிரிங்கைச் சேர்த்துவிட்டால் பிறகு எந்த மோட் என்பது உங்கள் விருப்பம்தான்.

கேள்வி (வாசகர், மதுரை): புது ரேடியோ வாங்கும் எண்ணம் இல்லை. பெட்டியோடு வந்த ரிமோட்டில் ஓட்டும் ஸ்டிக் வலப்பக்கம், டரெட் ஸ்டிக் இடப்பக்கம். நான் இடக்கைப் பழக்கம் உள்ளவன். இரண்டையும் இடம் மாற்ற முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும், சால்டரிங் கை இருந்தால். இந்த ரிமோட்டுகள் தம் ஜோடிப் போர்டோடு மட்டுமே பேசுபவை, மெனு கிடையாது. ஆகவே மாற்றத்தை வயரில்தான் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு அச்சின் முனையிலும் ஒரு பொட்டன்ஷியோமீட்டர் இருக்கும், மூன்று கால்களோடு. இரு ஓரக் கால்களில் மின்சாரமும் பூமியும் (கிரவுண்ட்). நடுக்காலில் ஸ்டிக்கின் நிலையைச் சொல்லும் சிக்னல். பேட்டரியை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஸ்டிக்கை அசையுங்கள். ஓரக் கால்கள் இரண்டுக்கும் நடுவே எண் மாறாது. நடுக்காலுக்கும் ஓரத்துக்கும் நடுவே மாறும். அந்த நடுக்கால் வயர்களை மட்டும் இடம் மாற்றினால் போதும்: இடது மேல்-கீழுடன் வலது மேல்-கீழ், இடது பக்கவாட்டுடன் வலது பக்கவாட்டு. கழற்றும் முன் நான்கு வயருக்கும் வேறு வேறு நிறத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். 25 வாட் இரும்பு போதும், ஒரு காலில் 3 நொடிக்கு மேல் வைக்க வேண்டாம். பொட்டன்ஷியோமீட்டரின் பிளாஸ்டிக் இளகினால் ஸ்டிக் நடுவில் துள்ள ஆரம்பிக்கும்.

மாற்றியபின் ஏதாவது அச்சு தலைகீழாக வேலை செய்தால் அந்தப் பொட்டன்ஷியோமீட்டரின் இரு ஓர வயர்களையும் மாற்றிப் போடுங்கள். இதில் நடுக்கால் வயரையும் ஓரத்தையும் குழப்பினால், ஸ்டிக் ஒரு முனைக்குப் போகும்போது மின்சாரம் நேராகப் பூமிக்கு ஓடி ரிமோட்டின் ரெகுலேட்டர் கருகும். அதனால் பேட்டரி போடும் முன், ஸ்டிக்குகளை எல்லா மூலைக்கும் கொண்டுபோய், மின்சார வயருக்கும் பூமிக்கும் நடுவே மீட்டர் எங்காவது 0-க்கு விழுகிறதா என்று பாருங்கள்.

ட்ரிம் பட்டன்கள் (ஸ்டிக்கின் நடுநிலையை நுணுக்கமாகத் திருத்துபவை) பழைய பக்கத்திலேயே இருக்கும்: ஓட்டும் ஸ்டிக் இடப்பக்கம் வந்தாலும் அதன் ட்ரிம் வலப்பக்கம்தான். ஒரு சிறு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பொட்டன்ஷியோமீட்டர்கள் வயர் இல்லாமல் நேராகவே போர்டில் பற்றவைக்கப்பட்டிருந்தால், செப்புத் தடங்களை வெட்ட வேண்டிவரும். அப்படியானால் இந்த வேலையைத் தொடாமல் விடுவதே மேல்.

கேள்வி (வாசகர், சிங்கப்பூர்): எட்ஜ் டி.எக்ஸ். ரேடியோ, இரண்டு தனி ஸ்பீடு கன்ட்ரோலர். என் மகள் ஒற்றை ஸ்டிக்கில் ஓட்டுகிறாள், எனக்கு இரட்டை ஸ்டிக் பிடிக்கும். ஒரு ஸ்விட்சில் மாற்ற முடியுமா?

பதில்: தாராளமாக. மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே ஒற்றை ஸ்டிக், கீழே இரட்டை ஸ்டிக், நடுவில் முழு நிறுத்தம். ரேடியோ மோட் 2-ல் இருப்பதாக (எலிவேட்டர் வலது மேல்-கீழ், ஏலிரான் வலது பக்கவாட்டு, த்ராட்டில் இடது மேல்-கீழ், ரடர் இடது பக்கவாட்டு) வைத்து மிக்ஸ் பக்கத்தில் எழுத வேண்டிய வரிகள் இவை.

இடது டிராக் சேனலில் மூன்று வரி: எலிவேட்டர் 100, ஸ்விட்ச் மேலே, ஏலிரான் 60, ஸ்விட்ச் மேலே, த்ராட்டில் 100, ஸ்விட்ச் கீழே. வலது டிராக் சேனலிலும் மூன்று: எலிவேட்டர் 100, மேலே, ஏலிரான் –60, மேலே, எலிவேட்டர் 100, கீழே. எல்லா வரியும் ‘கூட்டு’ வகையிலேயே இருக்கட்டும். எலிவேட்டர் இரு நிலையிலும் வருகிறதே, ஸ்விட்ச் இல்லாமல் ஒரே வரியாக எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதாதீர்கள். நடுநிலையில் இடது டிராக் நின்று வலது டிராக் மட்டும் உயிரோடு இருக்கும்.

டரெட்டுக்கு ரடர் 100, எந்த ஸ்விட்சும் வேண்டாம். குழாய் ஏற்ற இறக்கத்துக்கு மேல் நிலையில் த்ராட்டில், கீழ் நிலையில் ஏலிரான். இப்படிச் செய்தால் இருவருக்கும் எல்லா வேலையும் கைக்கு எட்டும்.

திருப்பத்துக்கு 60 என்று போட்டதற்குக் காரணம் உண்டு. 100 போட்டால் முழு வேகத்தில் முழுதாகத் திருப்பும்போது உள்பக்க டிராக் ஒரேயடியாக நின்றுவிடும். ரப்பர் போல ஒட்டும் தரையில் டிராக் கழன்று விழுவது இப்படித்தான். 60-ல் உள்பக்கம் 40% ஓடிக்கொண்டிருக்கும். வெளிப்பக்கக் கணக்கு 160 வந்தாலும் ரேடியோ 100-ல் நிறுத்திவிடும். மாடல் அமைப்புப் பக்கத்தில் த்ராட்டில் எச்சரிக்கையையும், ட்ரிம் கீழ்நிலையில் மட்டும் வேலை செய்யும் விருப்பத்தையும் எடுத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்விட்சைத் தட்டாமல், நடுவில் நிறுத்திவிட்டு மாற்றுவது கியர்பாக்ஸுக்கு நல்லது.

கேள்வி (வாசகர், சேலம்): நிஜ டேங்குகள் எல்லாமே இரட்டை நெம்புகோலில்தான் ஓடினவா? மாடலில் அதை எப்படி உண்மையாகக் கொண்டுவருவது?

பதில்: எல்லாமே அல்ல. சோவியத்தின் டி-34-ல் இரு நெம்புகோல். இடது நெம்புகோலை இழுத்தால் முதலில் அந்தப் பக்கத்து கிளட்ச் விடுபடும், மேலும் இழுத்தால் பிரேக் பிடிக்கும். அமெரிக்காவின் ஷெர்மனிலும் இரு நெம்புகோல்தான், ஆனால் உள்ளே இருந்தது வேறு இயந்திரம்: கட்டுப்படுத்தப்பட்ட டிஃபரன்ஷியல். நெம்புகோலை இழுத்தால் உள்பக்க டிராக் மெதுவாகும், நிற்காது. அதனால் ஷெர்மனால் நின்ற இடத்தில் சுழல முடியாது. ஜெர்மனியின் டைகர் 1-ல் ஓட்டுநருக்கு ஸ்டீயரிங் சக்கரமே இருந்தது. 8 முன் கியர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருப்ப வட்டங்கள். நின்ற இடத்தில் சுழலவும் முடிந்தது.

ஆகவே டைகர் மாடலுக்கு ஒற்றை ஸ்டிக்கே பொருத்தம். டி-34-க்கு இரட்டை ஸ்டிக் கச்சிதம்: இரண்டையும் முன்னே தள்ளி, திரும்ப வேண்டிய பக்கத்தை நடுவுவரை இழுங்கள், நடுவைத் தாண்டிப் பின்னே போகாதீர்கள். ஷெர்மனுக்குத்தான் கொஞ்சம் வேலை. எட்ஜ் டி.எக்ஸ்.-ல், பயன்படாத சேனல் ஒன்றில், சேனல் 10 என்று வைப்போம், முதல் வரியாக ஏலிரான் 100 எழுதுங்கள். இரண்டாம் வரியில் எலிவேட்டர் 100 போட்டு, வகையைப் ‘பெருக்கு’ என்றும் ஃபங்ஷனைத் தனிமதிப்பு (|x|, கழித்தல் குறியை நீக்குவது) என்றும் வையுங்கள். பிறகு இடது டிராக்குக்கு எலிவேட்டர் 100-உம் சேனல் 10-இன் 60-உம். வலது டிராக்குக்கு எலிவேட்டர் 100-உம் சேனல் 10-இன் –60-உம். வேகம் 0 என்றால் பெருக்கலும் 0, டேங்க் அசையாது. பாதி வேகத்தில் முழுதாக வலப்பக்கம் திருப்பினால் இடது டிராக் 80, வலது டிராக் 20. எந்த வேகத்திலும் உள்பக்கம் நிற்காது, பின்னுக்கும் சுழலாது. கண்காட்சியில் விவரம் தெரிந்தவர்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துப் பாராட்டும் அசைவு இது. தனிமதிப்பை மறந்தால் பின்னே வரும்போது திருப்பம் தலைகீழாகும்.

கேள்வி (வாசகர், ஈரோடு): காருக்கான சக்கர ரிமோட் இருக்கிறது. டேங்குக்குப் பயன்படுமா?

பதில்: ஓட்ட மட்டும் பயன்படும். சக்கரம் திருப்பச் சேனல், விசை வேகச் சேனல். மிக்ஸிங் செய்யும் போர்டு இருந்தால் நேராக மாட்டலாம். ஆனால் டரெட்டுக்கும் குழாய்க்கும் தானாக நடுவுக்கு வரும் கட்டுப்பாடுகள் மிஞ்சாது.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி): இரட்டை ஸ்டிக் மாற்றம் அருமையாக வேலை செய்கிறது. ஆனால் டிரான்ஸ்மிட்டரில் பேட்டரி தீர்ந்த நேரத்தில் டேங்க் சுற்றிக்கொண்டே போய்ச் சுவரில் மோதியது.

பதில்: சிக்னல் போனால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது ‘ஃபெயில்சேஃப்’ மெனு. விமானம் ஓட்டியவரின் ரேடியோ என்றால் அதில் சேனல் 3 பெரும்பாலும் –100% ஆக இருக்கும். விமானத்துக்கு அது என்ஜினை நிறுத்துவது. உங்கள் டேங்கில் சேனல் 3 இடது டிராக். அதற்கு –100% என்றால் முழுவேகப் பின்னோட்டம். வலது டிராக் நின்று இடது மட்டும் பின்னே ஓடினால் டேங்க் சுற்றத்தான் செய்யும்.

மெனுவுக்குள் போய் சேனல் 2, 3 இரண்டுக்கும் ஃபெயில்சேஃபை ஆன் செய்து, ஸ்டிக்கைத் தொடாமல் நடுவில் விட்டு, 0% என்று பதிவாவதைப் பார்த்துச் சேமியுங்கள். டரெட் சேனல் 4-க்கும் இதையே செய்யுங்கள். பிறகு டேங்கை மரக்கட்டைமேல் ஏற்றி, இரண்டு டிராக்கையும் பாதி வேகத்தில் ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்யுங்கள். ஓரிரு நொடியில் இரண்டும் நிற்க வேண்டும். ரிசீவரையோ ஸ்பீடு கன்ட்ரோலரையோ மாற்றும் ஒவ்வொரு முறையும், மாடல் நினைவகத்தை வேறு மாடலிலிருந்து நகலெடுக்கும்போதும் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். 1/16 உலோக கியர்பாக்ஸ் டேங்க் ஒன்று நிற்காமல் ஓடினால் சுவர் தாங்கும், குழந்தையின் விரல் தாங்காது.